அசை போடாத குதிரை

குதிரைப் பந்தயக் கொலை நாவல்கள் எழுதுகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் என் இடுப்பில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். அப்புறம், "பந்தயத்துக்கெல்லாம் போவியளா?" என்று கேட்பார். போனதில்லை. ஒரு பந்தயத்தைக்கூட மைதானத்துக்குள் நின்று பார்த்ததில்லை. பூதப்பாண்டிப் பக்கம் நெல்வயலை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்து, மகள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ ஏமாற்று வேலை செய்கிறவள் போல எனக்கே தோன்றும். மூன்றாவது நாவலின்போது அது ஏறக்குறைய வெளியே தெரிந்துவிட இருந்தது.

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு ஊட்டியில் வங்கி வேலை. மேட்டுத் தெரு ஒன்றில் வாடகை வீடு. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் கீழே பந்தய மைதானம் முழுவதும் தெரியும். கோடையில்தான் அங்கே பந்தயம். மூடுபனி விலகும் முன்பே குதிரைகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் குதிரை தீப்பெட்டி அளவு, மேலே இருக்கிற ஆள் தீக்குச்சி அளவு. குளம்புச் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். பி.எட். முடித்திருந்தேன், வேலை இல்லை, அந்த ஊரில் யாரையும் தெரியாது. மேடு பள்ளம் அதிகம் ஏறி இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஜன்னலில் நின்றேன்.

ஒரு நாள் காலை வளைவு திரும்பி வந்த குதிரைகளில் ஒன்றின் மேல் ஆள் இல்லை. வேலியை ஒட்டித் தனியாக ஓடி வந்தது. ஆள் எங்கே என்று தேடினேன். வளைவில் பனி கிடந்தது. தோசை கருகும் வாசனை வந்தும் நான் திரும்பவில்லை. சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒருவர் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்து வந்தார். அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் எழுந்து வருவதற்குள் என் மனதில் அவர் இறந்து, அவருடைய அம்மாவுக்குப் போன் போய், சேணத்தின் வாரை யார் அறுத்து வைத்தது என்பது வரைக்கும் நான் போய்விட்டிருந்தேன்.

என் மனம் அப்படித்தான் வேலை செய்யும். குழந்தை இருமினால் மற்றவர்களுக்கு அது இருமலாக மட்டும் கேட்கிறது. எனக்கு அதற்கடுத்த பத்து அத்தியாயங்களும் கேட்டுவிடும். இது நல்ல குணமா என்று தெரியவில்லை. என் கணவர் இதைத் தொழில் என்கிறார்.

பிரசவத்துக்கு ஊருக்கு வந்தேன். பிறகு அவருக்கும் மார்த்தாண்டத்துக்கு மாற்றல் கிடைத்ததால் மாமனார் வீட்டிலேயே இருந்துவிட்டோம். பால் கொடுத்துக்கொண்டே ஒரு கைக் கட்டைவிரலால் செல்போனில் தட்டித் தட்டி முதல் நாவலை எழுதினேன். வளைவில் விழுந்த ஜாக்கி எழுந்து வராத கதை. கதைகள் வெளியிடும் ஒரு செயலியில் போட்டேன். பாக்கெட் நாவல் போடும் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, புத்தகமாகப் போடலாமா என்று கேட்டார். இரண்டாவதையும் போட்டார். மூன்றாவதைக் கேட்டபோது, "இது நல்லாப் போச்சுன்னா ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு நிரந்தரமாக் குடுத்துடுங்க மேடம். பந்தய நாவல்னா நீங்கதான்னு ஆயிடும்" என்றார்.

அதே நேரத்தில் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதத்திலிருந்து தமிழ் ஆசிரியை வேலைக்குக் கூப்பிட்டார்கள். மே மாதக் கடைசிக்குள் தலைமையாசிரியைக்குப் பதில் சொல்ல வேண்டும். படித்த படிப்புக்கு வேலை. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சேர்ந்துவிட்டால் மத்தியானத் தூக்க நேரம் போய்விடும், எழுத்தும் போய்விடும். மூன்றாவது நாவல் வந்தால் எழுதுவது, வராவிட்டால் பள்ளிக்கூடம் என்று நானும் என் கணவரும் பேசி வைத்தோம். எனக்குள் ஒருத்தி, பள்ளிக்கூடம்தான் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை அடக்க ஒரு புத்தகம் தேவைப்பட்டது.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் வயல், ஒரு பசு, அதன் கன்று. என் மாமியார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமாவுக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். வேலைக்குப் போன காலத்தில் பஸ்ஸில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று படித்தவர். பாதியில் புத்தகத்தை மூடி, கொலையாளி யார் என்று வீட்டுக்கே அறிவித்துவிட்டுத்தான் மீதியைப் படிப்பார். என் முதல் நாவலில் சரியாகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. "அழாத மக்கா, மத்தவன் கண்டுபிடிக்க மாட்டான். நமக்கு அனுபவம் உண்டும்லா" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் அவரிடம்தான் காட்டுவேன். மத்தியானம் குழந்தை சீக்கிரம் எழுந்துவிட்டால் தொழுவத்துக்குத் தூக்கிப் போய், நான் எழுதி முடிக்கும்வரை வைத்திருப்பவரும் அவர்தான்.

மூன்றாவது நாவல் ஒரு லாயத்தில் ஆரம்பிக்கும். பந்தயத்தன்று ஒரு குதிரை வளைவில் தடுமாறி விழ, ஜாக்கி இறந்துபோகிறான். குதிரைக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. முந்தின இரவிலா, அன்று காலையிலா என்பதுதான் கேள்வி. இரவில் என்றால் லாயத்துக்கு வந்துபோன முதலாளியின் தம்பி மாட்டுவான். காலையில் என்றால் பயிற்சியாளர். அதைத் தீர்மானிக்க ஒரு தடயம் வேண்டும். பெரிய ஆய்வுக்கூடத் தடயம் வேண்டாம், கண்ணால் பார்க்கக்கூடியது வேண்டும் என்று நினைத்தேன்.

மாமா பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொழுவத்து வாசலில் நின்று கேட்டேன்: "மாமா, ஒரு மிருகத்துக்கு உள்ளே ஏதோ வேண்டாதது போயிருக்குன்னு முதல்ல எப்படித் தெரியும்?"

"அசை போடுகத நிறுத்திரும்" என்றார், யோசிக்காமல். "அப்பமே கண்டுக்கிடணும் மக்கா. மத்ததெல்லாம் பொறவுதான் வெளிய தெரியும்."

"குதிரைக்கும் அப்படித்தானே?"

"நாலு காலு, ஒரு வாலு. புல்லு திங்குக சாதி. பின்ன என்ன?"

அதைவிட நல்ல தடயம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. மூன்றாவது அத்தியாயத்தில் இரவுக் காவலுக்கு இருந்த வயதான குதிரைக்காரர் துப்பறிபவரிடம் சொல்கிறார்: "ராத்திரியே அது அசை போடல்லை ஐயா. நான் பதறிட்டேன். யாரும் கேக்கல்லை." மாமா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "மருமவ புக்குல நம்ம பேச்சும் உண்டும்வே" என்று சொன்னதைக் கேட்டேன்.

கடைசி அத்தியாயம் தவிர எல்லாவற்றையும் எழுதிய வேகத்திலேயே சென்னைக்கு அனுப்பிவிட்டேன். குழந்தை இருக்கிற வீட்டில் மொத்தமாக முடித்து அனுப்புவதற்குக் காத்திருக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டைக்குப் போனோம். கோட்டைக்கு வெளியே கார்கள் நிற்கிற இடத்தில் ஒருவர் சவாரிக் குதிரை ஒன்றைக் கட்டியிருந்தார். பழுப்பு நிறம், கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை. மகள் அதைப் பார்த்து, "குதுதை" என்று கத்திவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பயம், ஆனால் அங்கிருந்து நகரவும் கூடாது. எனக்கும் நகர வேண்டாம் போல இருந்தது. குதிரையை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒரு கட்டுப் புல்லைத் தின்றுவிட்டுப் பனைமர நிழலில் நின்றது. அது அசை போடும்போது தாடை எப்படி அசைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் கடைசி அத்தியாயத்துக்கு உதவும் என்று நினைத்தேன்.

குழந்தைக்கு மட்டி வாழைப்பழம் ஊட்டிக்கொண்டே பார்த்தேன். குதிரை வாலால் ஈயை விரட்டியது, காதைத் திருப்பியது, ஒரு காலை மாற்றி நின்றது. வாய் மட்டும் அசையவில்லை.

"மாமா, இது அசை போடலியே."

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வெயிலு தாழட்டும்."

வெயில் தாழ்ந்தது. பழமும் தீர்ந்தது. குதிரை அப்படியே நின்றது. மாமாவின் முகம் மாறிவிட்டது. நான் தடுப்பதற்குள் குதிரைக்காரரிடம் போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, ஒனக்கக் குதிரைக்கு மேலுக்குச் சொகமில்ல, கேட்டியா."

"என்ன அண்ணாச்சி சொல்லுகிய? இப்பம்கூட ரெண்டு பிள்ளையள ஏத்திட்டு ஓடிச்சே."

"அது சரி. அசை போடுகா? நீயே பாரு."

அந்த மனிதர் பார்த்தார். அவர் முகமும் மாறியது. போன வருஷம்வரை ஆட்டோ ஓட்டியவராம். சுற்றுலாக்காரர்களை நம்பிக் குதிரை வாங்கியிருக்கிறார்.

"எப்பவும் போடுமா?" என்று கேட்டேன்.

"நான் அதக் கவனிக்கல்லியே அக்கா. வீட்டுல மாடு உண்டு. அது போடும்." அதற்குள் அவர் கையில் போன் வந்திருந்தது. கால்நடை மருத்துவர் எடுத்ததும், எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். "சார், எனக்கக் குதிர அசை போடல்ல சார். ஒரு பெரியவரு வந்து சொல்லுகாரு. சார், செத்துருமா?"

போனில் மருத்துவர் சிரிக்கிற சத்தம் வந்தது. "லேய், குதிர என்னைக்குலே அசை போட்டுச்சு? மாட்டுக்குள்ள வயிறா அதுக்கு? அது அசை போட்டாத்தான் நீ எனக்குப் போன் பண்ணணும்."

குதிரைக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். படம் எடுத்துக்கொண்டிருந்த என் கணவரும் சிரித்தார். "பாப்பாவ ஏத்துங்கக்கா, சும்மா ஒரு சுத்து" என்றார் குதிரைக்காரர். மாமா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். மூன்றாவது அத்தியாயம் அச்சகத்தில் இருந்தது.

திரும்பும்போது காரில் என் கணவர் முதலில் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"ஆருக்கும் தெரியாதுட்டி. நான் படிச்சேன், எனக்குத் தெரிஞ்சா? சென்னையில படிச்சவருக்குத் தெரிஞ்சா? ஊரே மாட்டப் பாத்து வளந்ததுதான். பேசாம விடு."

"குதிரை வளர்க்கிறவங்க யாராவது படிச்சா?"

"அவனுவ குதிரையப் பாப்பானா, உனக்க புக்கப் படிப்பானா?"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு லாயத்தில், அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது எனக்குத் தெரிந்தது. பத்து அத்தியாயமும் தெரிந்தது. மறுநாள் காலையில் பதிப்பாளருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ் மேடம். மாட்டை ரோட்லதான் பார்த்திருக்கேன். அது எப்பவும் எதையாவது மென்னுட்டேதான் நிக்கும். குதிரையும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்."

"மூணாவது அத்தியாயத்தை மாத்திடலாமா?"

"அதெல்லாம் அச்சாயிடுச்சு. கடைசி பதினாறு பக்கம்தான் பாக்கி. அதுக்குள்ள சரி பண்ண முடியுமா பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா அச்சான தாளை எடைக்குப் போட்டுட்டு இந்த மாசம் வேற ஒருத்தரைப் போட்டுடறேன்."

"அப்போ அடுத்த நாவல்?"

"அதை அப்புறம் பேசலாம் மேடம்."

நேர்முகத் தேர்வுகளுக்குப் போனவள் நான். அப்புறம் பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். பள்ளிக்கூடத்துக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். குழந்தை அழுததால் வைத்துவிட்டேன்.

மாமா அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாகச் சாயா குடிக்கும்போது, "இன்னைக்கு என்ன எழுதின மக்கா?" என்று கேட்பார். கேட்கவில்லை. நானாக எடுத்துக் கொடுத்தபோது, "கண்ணு வலிக்கு, வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தொழுவத்தில் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "பாட்டாக்கு ஒண்ணும் தெரியாது மக்ளே. பாட்டா சும்மா சலம்புகேன்."

அது என்னை உலுக்கிவிட்டது. அவர் முதலில் சொன்னதில் தவறே இல்லை, குதிரைக்கும் அப்படித்தானே என்று வாயில் போட்டுக் கொடுத்தவள் நான். மாட்டைக் கேட்டால் மாட்டுக்குச் சொல்வார். நான் மிருகம் என்று கேட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் இரண்டு பேர் மனதிலும் வந்து நின்றது இந்தப் பசுதான்.

மறுநாள் மத்தியானம் சோற்றுக் கிண்ணத்தோடு தொழுவத்துக்குப் போனேன். எங்கள் மகள் வேறு எங்கே உட்கார வைத்தாலும் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வாள். பசுவின் முன்னால் உட்கார வைத்தால் மட்டும், அது அசை போடுவதைப் பார்த்துத் தானும் வாயை அப்படியே பக்கவாட்டில் ஆட்டி மென்று விழுங்குவாள். எடை கூடவில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து இதுதான் வழி. பசு படுத்து மென்றுகொண்டிருந்தது. மகளும் மென்றாள். நான் பருப்புச் சோற்றை உருட்டிக்கொண்டே, குதிரை அசை போடும் என்று யார் யாரெல்லாம் நம்பினோம் என்று யோசித்தேன். மாமா. நான். வட்டக்கோட்டைக் குதிரைக்காரர். எல்லோரும் மாட்டோடு வளர்ந்தவர்கள். குதிரையோடு வளர்ந்த ஒரு ஆள்கூட அதை நம்பியிருக்க மாட்டார்.

அப்படியானால் என் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கும் அந்த வயதான குதிரைக்காரர், குதிரைக்காரரே அல்ல. லாயத்தில் ஒரு ஆளை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு, என் மாமனாருக்கு வேறு சட்டை போட்டு நிறுத்தியிருந்தேன்.

மீதிச் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப் போய் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். துப்பறிபவர் அதைக் கேட்டுத் தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்தது. அவர் தலையாட்டவில்லை. "அவர் ஒன்றும் சொல்லாமல் குதிரையைப் பார்த்தார்" என்று இருந்தது. அந்த இடத்தில் இன்னும் ஒரு வாக்கியம் எழுத நினைத்தேன், குழந்தை விழித்து அழுததால் அப்படியே அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்பது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவர் முதலாளியின் தம்பியைப் பின்தொடர்கிறாரே தவிர, ஏன் என்று யாரிடமும் சொல்வதில்லை. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் மனதில் இருப்பதைச் சொல்லாதது துப்பறிபவர்களின் வழக்கம். அந்த வழக்கம் காப்பாற்றியது.

சாயங்காலம் என் கணவர் பஸ் இறங்கி வந்ததும் இரண்டு பேருக்கும் சாயா கொடுத்துவிட்டுச் சொன்னேன். "குதிரைக்காரன்னு சொல்லி லாயத்தில் சேர்ந்தவன் குதிரைக்காரன் இல்லை. அசை போடலைன்னு சொன்னதிலேயே மாட்டிக்கிட்டான். வேஷம் போட்டு வந்தவன் அவன்தான். மருந்து கொடுத்ததும் அவன்தான்."

என் கணவர், "கொள்ளாம்ட்டி!" என்று தொடையில் தட்டினார்.

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். "அப்பம் நான்தான் கொலகாரனா?"

என் கணவருக்குச் சாயா மூக்கில் ஏறிவிட்டது.

"ஐயோ மாமா, நீங்க இல்ல. அந்த ஆளு."

"அவன் பேசுகது எனக்கப் பேச்சுல்லா? சங்கத்து ஆளுகள்ட்டயெல்லாம் சொல்லியாச்சு." அவர் குரல் தாழ்ந்தது. பிறகு மூன்று நாளாக இல்லாத பழைய தோரணை அதில் வந்தது, பாதிப் புத்தகத்தை மூடிவிட்டுப் பேசுகிற தோரணை. "இல்ல மக்கா, கணக்கு சரியா வரல்ல. அவன் என்ன சொல்லுகான்? அசை போடல்ல, நான் பதறிட்டேன்னுல்லா சொல்லுகான். சொகமா நிக்க குதிரையப் பாத்து, தீனம்னு நெனச்சுப் பதறுகான். மருந்து குடுக்க வந்தவன் எதுக்குப் பதறணும்? அவன் வேசக்காரனா இருக்கட்டும். கொலகாரன் இல்ல."

எனக்கு அவர் சொன்னது மெதுவாகத்தான் உள்ளே போனது. சுகமாக நின்ற குதிரை. ஆமாம், அசை போடாத குதிரை சுகமான குதிரை. இரவு முழுவதும் பதறிக் கவனித்தவர் கண்ணில் பட்ட ஒரே கோளாறு அதுதான் என்றால், இரவில் அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. மருந்து காலையில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. முதலாளியின் தம்பி நிரபராதி. பயிற்சியாளர்தான் குற்றவாளி. அந்த வயதானவர் கண்ணால் பார்த்தது உண்மை, அதற்கு அவர் வைத்த அர்த்தம்தான் தவறு. அந்தத் தவறுதான் நேரத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

"அப்போ வேஷம் போட்டு எதுக்கு வந்தான் மாமா?"

"அத நீதான் சொல்லணும். எழுதுகது நீயில்லா?" என்றார். ஆனால் எழுந்து போகும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "வயசானவன் வீட்ட விட்டுட்டுப் போயி, தெரியாத வேலைக்கு நிக்கான்னா, பிள்ளையளுக்காவதான் இருக்கும்."

அவ்வளவு போதுமாக இருந்தது. போன பருவத்தில் அதே வளைவில் விழுந்து இறந்த ஒரு ஜாக்கியின் அப்பா அவர். நெல்லும் மாடும் மட்டும் தெரிந்த ஊரிலிருந்து, மகனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, குதிரைக்காரன் என்று பொய் சொல்லி லாயத்தில் சேர்ந்தவர். அன்று இரவு குதிரையைப் பார்த்து அவர் பதறியதற்குக் காரணம், அதன் மேல் மறுநாள் ஏறப்போவது இன்னொருவர் மகன் என்பதுதான். கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் அவரிடம் கேட்கிறார்: "உங்க வீட்டில் எத்தனை மாடு?" அவர் தலை குனிகிறார். அந்த இடத்தை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. சொந்தமாக எழுதியதைப் படித்து அழுவது சரியா என்று தெரியவில்லை, அழுதேன்.

அந்த வாரம் மகள் மத்தியானம் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு நாளும் சீக்கிரமே எழுந்து, "ம்மா பாக்கணும்" என்றாள். அவளுக்கு 'ம்மா' என்றால் பசு. ஒவ்வொரு நாளும் மாமா, "வா மக்ளே, மாட்டுக்குக் கத சொல்லுவோம்" என்று தூக்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். இது சரி செய்தலா, மூடி மறைத்தலா? வாசகர்களை ஏமாற்றுகிறேனா? என் கணவரிடம் கேட்டால், "ஏட்டி, புளி கூடினா கருப்பட்டி போடுகது ஏமாத்தா?" என்றார்.

பதிப்பாளர் மாலையில் கூப்பிட்டார். "மேடம், உண்மையைச் சொல்லுங்க. முதல்ல இருந்தே இப்படித்தான் பிளான் பண்ணீங்களா?"

"இல்லை சார். உங்ககிட்டத்தானே போன் பண்ணிச் சொன்னேன்."

"அது எனக்கே மறந்துபோற மாதிரி இருக்கு. ஆவணிக்குள்ள அடுத்ததைக் குடுங்க."

புத்தகம் வந்தது. அட்டையில் குதிரை பசுவைப் போலப் படுத்து, தாடையை ஒரு பக்கம் இழுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. படம் வரைந்தவரும் மாட்டைப் பார்த்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். யாருக்கும் உறுத்தவில்லை. படித்தவர்கள் பலர் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: மூன்றாம் அத்தியாயத்திலேயே கண் முன்னால் வைத்துவிட்டு எப்படி மறைத்தீர்கள்? அதைப் படிக்கும்போதெல்லாம், குழந்தை அழுததால் விட்டுப்போன அந்த வாக்கியத்தை நினைத்துக்கொள்வேன்.

தலைமையாசிரியைக்குப் போன் செய்து, இந்த வருஷம் வர முடியவில்லை என்று சொன்னேன். "கதை எழுதறதுக்கா நல்ல வேலையை விடுறீங்க?" என்று வருத்தத்தோடுதான் கேட்டார். பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, சீருடைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தபோது மறுபடியும் சந்தேகம் வந்தது. இப்போதும் சில நாள் வரும்.

மாமா அச்சான புத்தகத்தை முதலிலிருந்து படித்தார். முடிவு முழுவதும் தெரிந்தவர், ஆனாலும் பாதியில் வழக்கம்போல மூடினார். நாங்கள் காத்திருந்தோம். "ஆருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் திறந்தார்.

அடுத்த நாவலை ஆரம்பிக்கும் முன்பு, இந்தத் தடவை குதிரையை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று மறுபடியும் வட்டக்கோட்டைக்குப் போனோம். அதே இடத்தில், அதே பூமாலையோடு நின்றது. மகளை ஏற்றினோம். முதலில் அலறினாள், பிறகு இறங்க மாட்டேன் என்றாள். விழுந்துவிடுவாளோ என்று நான் பக்கத்திலேயே ஓடினேன். சுற்றி வந்து நின்றதும் குதிரைக்காரர் புல்லை எடுத்துப் போட்டார். குதிரை தின்றது, தின்று முடித்துச் சும்மா நின்றது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார். அதன் வாயையே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"அசை போடல்ல மக்கா" என்றார். "சொகமா இருக்கு."